வயிறு முட்டத் தண்ணீர்

அக்கா,

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். "நாளைக்குக் கரு வைக்கிறோம். ஸ்கேன்ல தெளிவா தெரியணும், நல்லா தண்ணி குடிச்சிட்டு வாங்க, ஒண்ணுக்குப் போயிடாதீங்க" என்றாள் நர்ஸ். போனை வைத்ததும் கை தானாக உன் பச்சை பாட்டிலைத் தேடியது.

முதல் முறை வைத்தது தங்கவில்லை. உறைய வைத்த கருக்களில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். மறுபடி முட்டை எடுக்க என் உடம்பு தாங்காது என்கிறார் டாக்டர். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை அக்கா.

முதல் முறை வைத்த அன்று வீட்டுக்காரர் உப்பு லாரியோடு போய்விட்டார். பக்கத்து வீட்டு நீதான் உப்பள வேலையை விட்டுவிட்டு என்னோடு பாண்டிச்சேரி பஸ் ஏறினாய். கீழ்புத்துப்பட்டு தாண்டுவதற்குள் வயிறு முட்டி எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னாடி, இதுக்கேவா? உப்பளத்துல ஒதுங்க ஒரு மறைவு இருக்குதா? தண்ணியே குடிக்காம, குடிச்சாலும் பொழுது சாயற வரைக்கும் அடக்கி அடக்கி எனக்குப் பழகிடுச்சு" என்று பெருமையடித்தாய். வேகத்தடையில் பஸ் தூக்கிப்போட்டதும், "ஏம்பா, பொம்பளைங்க இருக்கோம், பாத்து ஓட்டு!" என்று கத்தினாய். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு.

ஆஸ்பத்திரியில் கரு வைத்து முடித்ததும் எழுந்திருக்கப் பயந்து கிடந்தேன். நீதான் கேட்டாய்: "இப்ப இவ ஒண்ணுக்குப் போனா கரு கீழ வந்துடுமா டாக்டரம்மா?" "வராதும்மா. அது வேற வழி, இது வேற வழி" என்றார் அவர்.

ஆனாலும், தங்கவில்லை என்று தெரிந்த அன்று மாமியார், "உடனே எழுந்து போனா எப்படி நிக்கும்?" என்று ஆரம்பித்தார். நீ எங்கள் வாசலிலேயே நின்று, "டாக்டரம்மா சொன்னத என் காதால கேட்டேன். அவள ஒண்ணும் சொல்லாதம்மா" என்றாய். எனக்காக ஒருத்தி பேசினாள் என்றுதான் அன்று அதிகம் அழுதேன்.

அப்புறம் உன் கால் வீங்கியது. கிட்னி போய்விட்டது என்றார்கள். வெயிலில் வேலை, தண்ணீர் குடிக்காதது, அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து செய்த வேலையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உப்பளத்தில் ஒரு கக்கூஸ் அக்கா! அதைக் கட்ட ஆளில்லை. இன்னும் கட்டவில்லை.

கடைசியாக உன்னை உயிரோடு பார்த்தபோது உனக்குத் தண்ணீரை அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டிலை என் பக்கம் தள்ளினாய். "நான்தான் குடிக்கக் கூடாதாம். நீ குடிடி."

நிரப்பி வைத்துவிட்டேன் அக்கா. நாளை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் நீ இருக்க மாட்டாய். தங்குமா, தங்காதா, தெரியாது. வைக்கிற வரைக்கும் அடக்கிக்கொள்வேன். வைத்து முடித்ததும் பயந்துகொண்டேயாவது எழுந்து போவேன். யார் என்ன சொன்னாலும் போவேன்.