கவுன் விளிம்பின் இரண்டு பாதிகள்

மைனி,

இன்று மதியம் குமுளிக் கடையில் புது நூல் வந்த பெட்டியைப் பிரித்தார்கள். பருத்தியும் அட்டையும் கலந்த அந்த வாசம் வந்ததுமே உங்கள் நினைப்பு வந்துவிட்டது. ஒரு வெள்ளை நூற்கண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் அப்படித்தான் நூல் வாங்குவீர்கள். நீங்கள் கண்மூடிய பிறகு நான் வாங்கும் முதல் வெள்ளை நூல் இது.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு சக்குபள்ளத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்த நாம், ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தோம். வேலியோரத்து ஏலச்செடி யாருடையது என்று தொடங்கிய பேச்சு. அதற்கு மேல் என்ன சொல்லிக்கொண்டோம் என்பது இப்போது ஞாபகமில்லை. ஆனாலும் நீங்கள் குரோஷாவில் பின்னிய விரிப்பு கொடியில் காய்ந்தால், ஜன்னல் வழியாக அதன் பூவேலையைப் பார்த்துக்கொள்வேன். நான் பின்னிய பைகளை நீங்களும் அப்படிப் பார்த்ததாகப் பின்னால் சொன்னீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் ஜெனி முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை வந்தது. முன்கூட்டியே தைத்து வைத்த வெள்ளைக் கவுனைப் போட்டுப் பார்த்தால், முழங்காலுக்கு மேலே நின்றது. பிள்ளை அதற்குள் வளர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை. வேறு தைக்க நேரமில்லை. வெள்ளி காலையில் நனைந்த குடையோடு நீங்களே என் வாசலில் வந்து நின்றீர்கள்.

“ஏட்டி, கவுன் குட்டையாப் போச்சாமே. பிள்ள அழுதுக்கிட்டே வந்து சொல்லுச்சு. கீழ லேஸ் பின்னி வச்சா இறங்கிரும். ஆளுக்குப் பாதி பின்னுவோம்.”

“சரி மைனி” என்றேன்.

மறுநாள் மதியம் இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தோம். உங்கள் கை இளகின கை, என் கை இறுக்கம். ஒரே பூவேலைதான். ஆனால் உங்கள் பாதி அலையலையாகத் தொங்கியது, என் பாதி விறைத்து நின்றது. ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டு பேசாமல் பிரிந்தோம்.

உங்களைப் போல வரட்டும் என்று நான் என் பாதியைப் பிரித்து, தடித்த ஊசியால் தளரப் பின்னினேன். ஞாயிறு காலை நீங்கள் கொண்டுவந்ததைப் பக்கத்தில் வைத்தால், இப்போது என்னுடையது அலையலையாக இருக்கிறது, உங்களுடையது விறைத்து நிற்கிறது.

“நீயும் பிரிச்சியாக்கும்?” என்றீர்கள்.

“நீங்களுமா மைனி?”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லட்டி” என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கியவர், நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஜெனி நம்மைப் பார்த்துப் பயந்துபோனாள். அப்படியே வைத்துத் தைத்தோம். கோயிலில் அவள் நடந்து போனபோது கவுன் ஒரு பக்கம் ஆடியது, ஒரு பக்கம் ஆடவில்லை. நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். சாமியார் அதை அழுகை என்று நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து யாருக்காவது விட்டுக்கொடுக்க நினைத்தால், முதலில் போய் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். நர்சிங் படிக்கும் ஜெனி, “எங்கம்மா தோசைக்கு மாவு கரைக்கிறதக்கூட ஊரக் கூட்டிச் சொல்லும்” என்று தோழிகளிடம் கேலி பேசுகிறாள். பேசட்டும் மைனி. நம் வீடுகளில் அதற்குப் பிறகு யாரும் யாரோடும் பேசாமல் இருந்ததில்லை.