மூன்றாம் சரணம் யாருடையது?

காரரோ, கானமாரா
அக்டோபர் 6, 1957

அன்புள்ள நாப்லா,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. ஆனாலும் கேட்டு வைக்கிறேன். இங்கே ஓயாத மழை. உருளைக்கிழங்கு தோண்ட வழியில்லை.

டப்ளினில் போலீஸ் வேலை பார்க்கும் என் அத்தை மகன் பாட்ச், நீ உடை தைக்கும் நாடகக் கொட்டகைக்குப் போயிருக்கிறான். கடலில் மூழ்கிய என் அண்ணன் கோல்மனுக்காக அம்மா கட்டிய பாட்டை அங்கே புது நாடகத்தில் பாடுகிறார்களாம். மூன்றாம் சரணத்தோடு! அதை வெளியாள் முன்னால் நாங்கள் பாடுவதே இல்லை. டப்ளினில் அவனை விட்டால் அது தெரிந்தவள் நீ ஒருத்திதான். எழுத்தாளனுக்குப் பாடிக் காட்டினாயா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் உன்னை வாசற்படி ஏற விடமாட்டாள்.

பைபீன்

டப்ளின்
அக்டோபர் 10

பைபீன் கண்ணே,

என்னைத் திருடியாக்க உனக்கு ஒரு தபால் தலை போதுமாயிற்று. நான் பாடிக் காட்டவில்லை. எழுத்தாளரையே பிடித்துக் கேட்டேன். "ஈஸ்டர் சமயத்துல உங்க ஊருக்கு ஐரிஷ் மொழி கத்துக்க வந்திருந்தேன். அங்க மைக்கேல்னு ஒருத்தர் வீட்டுல பாதிரியார் வந்து வச்ச பூசை முடிஞ்சு விருந்து. ஒரு பொண்ணு கண்ணை மூடிட்டுப் பாடுச்சு. பாடுறவங்களுக்கு உங்க ஊர்ல செய்யற வழக்கப்படி பக்கத்துல உக்காந்து, அது கையைப் பிடிச்சு மெல்லச் சுத்திக்கிட்டே இருந்தேன்" என்றார். கண்ணைத் திறந்திருந்தால் நீயே பார்த்திருப்பாய்.

நாப்லா

காரரோ
அக்டோபர் 15

நாப்லா,

கண்ணைத் திறந்து பாட நான் என்ன நாடகக்காரியா? எல்லாரும் நம் ஆட்கள் என்று நம்பித்தான் பாடினேன். ஆரம்பத்தில் என் கையைப் பிடித்தது, ஈஸ்டருக்கு ஊர் வந்திருந்த நீ. நடுவில் பிடி இறுகியது. நீ அழுகிறாய் என்று நினைத்து இன்னும் உருகிப் பாடினேன். முட்டாள்! என் கையை அவனிடம் கொடுத்தது நீதானே? முன்பே பேசி வைத்தீர்களா? பாட்டின் நடுவே கையை விட்டுவிட்டுப் போகிறவள் நம் ஊரில் உண்டா?

பைபீன்

டப்ளின்
அக்டோபர் 19

பைபீன்,

யாரோடும் எதுவும் பேசி வைக்கவில்லை. மூன்றாம் சரணம் தொடங்கியதும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து மாட்டுத் தொழுவத்துக்கு ஓடினேன். காலியான இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

'தாயைத் தவிர உனக்கு அழ ஒருத்தியும் இல்லையே' என்று உன் அம்மா கட்டியிருக்கிறார். இருந்தாளடி. தவக்காலத்துக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்து பெண் கேட்பதாகக் கோல்மன் சொல்லியிருந்தான். அதற்குள் கடல் கொண்டுபோய்விட்டது. எங்கள் உறவை ஊரறியாதபோது நான் எந்த உரிமையில் கரைக்கு வந்து அழுவேன்? இங்கே தினமும் அந்தச் சரணம் வரும்போது காதைப் பொத்திக்கொள்கிறேன்.

நாப்லா

காரரோ
அக்டோபர் 27

நாப்லா,

எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லி, உன் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். "இவள் கதை கட்டுகிறாளோ?" என்று நான்தான் கேட்டேன். அம்மா என்னை முறைத்தாள். "அந்த வருசம் புதுச் சட்டை தைக்கச் சொல்லி என் உயிரை எடுத்தான்டி. எதுக்குன்னு கேட்டா சிரிப்பான்" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வா. அம்மா அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடிவிட்டுப் படுக்கப் போகுமுன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மூணாவது சரணத்தை அந்த எழுத்தாளனே வச்சுக்கட்டும். இனிமே நம்ம வீட்டுல யாரும் அதைப் பாடக் கூடாது. அது பொய்."

உன் பைபீன்