யார் சாயலும் இல்லாத முகம்

பால்கனியில் இன்னும் ஸ்ப்ரே வாசனை போகவில்லை. நகப்பூச்சையும் புதுப் பெயின்டையும் சேர்த்துக் கலக்கியது போன்ற வாசனை, கொஞ்சம் கூடினால் தலை சுற்றும். மாஸ்க் போட்டுக்கொண்டுதான் அடித்தேன், திட்டாதே. அல்சூரில் ஒரு வாரமாக மழை விடுவதாக இல்லை. இன்று காலை வெயில் முகம் காட்டியது, கொடியில் போட்ட துணி சீக்கிரம் உலர்ந்தது, உடனே கேனைக் குலுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நீ கடைசியாக வாங்கிவைத்துவிட்டுப் போன பொம்மைக்கு முகம் முடிந்துவிட்டது. அது எப்படி முடிந்தது என்பதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு ஆறாது.

வேறு யாரிடமாவது சொல்லலாம்தான். ஆனால் மற்றவர்களிடம் சொல்வதென்றால் அது என்ன பொம்மை என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முழங்கையிலும் முட்டியிலும் மணிக்கட்டிலும் உருண்டை மூட்டு, உள்ளே வெற்று உடம்பு, தலையிலிருந்து கால்வரை ஓடும் எலாஸ்டிக், அதன் இழுப்பில்தான் அது நிற்கிறது, உட்காருகிறது, தலை சாய்க்கிறது என்று பாடம் நடத்த வேண்டும். கண்ணைக் கழற்றலாம், முடியை மாற்றலாம், முகத்தை அழித்து வேறு முகம் வரையலாம் என்று சொல்லும்போதே எதிரில் இருப்பவர் ஃபோனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அதன் பிறகு சொல்கிற ஆசையே போய்விடும்.

உன்னிடம் அந்தப் பாடம் தேவைப்படவில்லை. அடுகோடியில் உன் பார்லருக்குப் புருவம் திருத்திக்கொள்ளத்தான் வந்தேன். கீழே லேத்து ஓடும் சத்தம், மேலே நீ பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு என் நெற்றியில் குனிந்திருக்கிறாய். கண்ணாடியில் மேல் அலமாரி தெரிந்தது. சவுரிகளுக்குப் பின்னால் ஒரு சின்ன முழங்கை. எனக்குத் தெரியாத முழங்கையா அது? அதே மாதிரி ஒன்று என் பீரோவில், பட்டுப்புடவைகளுக்குக் கீழே, வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் படுத்திருந்தது.

"அது ரெசின் பொம்மைதானே?" என்றேன். உன் நூல் நின்றுவிட்டது.

"உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கா மேடம்?" என்று நீ கேட்ட குரலைக் கேட்டிருந்தால் யாராக இருந்தாலும் நாம் கள்ளச் சரக்கு கைமாற்றுகிறோம் என்றே நினைத்திருப்பார்கள். அடுத்த நிமிடம் ஸ்டூல் மேல் ஏறி அவளை இறக்கினாய். நான் விரல்களைப் பார்த்தேன், நீ என் ஃபோனில் என்னுடையவளைப் பார்த்தாய். திரும்பும்போது ஆட்டோ கண்ணாடியில்தான் கவனித்தேன், என் முகத்தில் ஒரு புருவம் திருத்தியும் ஒன்று திருத்தாமலும் இருந்தது. மறுநாள் அதற்காகவே வந்தேன். அப்போது மேடம் போய் "டீ" வந்துவிட்டது. இருவருக்கும் நாற்பதைத் தாண்டிய வயது. பள்ளிக்கூடம் முடிந்த பிறகு ஒரு புதுச் சிநேகிதி என்னை "டீ" போட்டது அதுதான் முதல் தடவை.

விஷயம் வெளியே தெரிந்ததும் நம் சொந்தக்காரர்கள் இதற்குக் காரணம் கண்டுபிடிக்க எவ்வளவு பாடுபட்டார்கள்! உனக்குக் குழந்தை இல்லை, அதனால் பொம்மை என்றார்கள். எனக்குக் கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள், அதனால் பைத்தியம் என்றார்கள். எதற்கும் காரணம் இருந்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்களிடம் எனக்கு எப்போதும் எரிச்சல். கார் மேல் ஆசைப்படுகிறவரை யாராவது உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார்களா? நீ என்னைப் போல் எரிந்து விழ மாட்டாய், சிரித்துவிட்டுப் போவாய். ஆனால் எனக்கு மட்டும் உன் காரணத்தைச் சொன்னாய்.

அன்றைக்கு ஒரு கல்யாண மேக்கப் முடித்துவிட்டுக் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தாய். பெண்ணின் அம்மா பக்கத்திலேயே நின்று "ஸ்வல்ப பெள்ளகெ மாடி, இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்குங்க" என்று கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். கடைசியில் அந்தப் பெண்ணுக்கே கண்ணாடியில் தன்னை அடையாளம் தெரியவில்லையாம்.

"நாள் முழுக்க மனுஷங்க மூஞ்சிய யாராவது சொல்ற மாதிரியே போடறேன்டி. பொம்மையாவது யார் சொல்லும் கேக்காம, யார் சாயலும் இல்லாம இருக்கட்டும்" என்றாய்.

அதை நீ கடைசிவரை விடவில்லை. நடிகை மாதிரி வரைந்து தா, என் அக்கா மாதிரி வரைந்து தா என்று ஃபோனில் கேட்ட மற்ற பொம்மைக்காரர்களை ஒரே வார்த்தையில் அனுப்பினாய். வெறும் தலையைக் கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். பேஸ்டல் தூளைக் கன்னத்தில் தொட்டுத் தொட்டு ஏற்றுவாய். உதட்டு ஓரத்தில் பென்சிலால் ஒரு முடியளவு கோடு, அவ்வளவுதான், அங்கே ஒருத்தி வந்து உட்கார்ந்திருப்பாள். அவள் யாரென்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த நிமிடத்துக்காகத்தான் நாம் மாதக்கணக்கில் பார்சலுக்குக் காத்திருந்தோம்.

அல்சூர் ஏரிக்கரையில் போட்டோ எடுக்கப் போனோமே, நினைவிருக்கிறதா? ஒருத்தியின் கால் கழன்று என் மடியில் கிடந்தது, நீ கொக்கியால் எலாஸ்டிக்கை இழுத்துக்கொண்டிருந்தாய். வாட்ச்மேன் தடியோடு வந்தார். "ஏனம்மா இது, மாட்ட மந்த்ரானா?" என்றார், ஏதோ பில்லி சூனியம் என்று நினைத்து. நான் மடியில் கிடந்த காலைக் கையால் மூடினேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஆமாம் அண்ணா, இந்தக் காலை மாட்டினால்தான் ஏரியில் தண்ணீர் நிற்கும் என்று சுத்தமான கன்னடத்தில் சொன்னாய். அவர் தள்ளி நின்று, காலை மாட்டி முடிக்கும்வரை காவல் காத்தார்.

உனக்குப் பொறுமை இல்லாத ஒரே இடம் மழைதான். வரைந்த முகத்துக்கு ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்வாய், நீயே ஆடி மாதத் தூறலில் மாடிப்படியில் நின்று அடித்தாய். இரண்டு நாள் உழைத்து வரைந்த முகம் தயிர் பூசியது போல வெளுத்துப்போனது. நான்தான் ஐயோ ஐயோ என்று அலறினேன். நீ பஞ்சை அழிக்கும் திரவத்தில் நனைத்து ஒரே இழுப்பில் துடைத்துவிட்டாய். "அழிக்க முடியற மூஞ்சிடி இது. எனக்குப் பிடிச்சதே அதான்" என்றாய்.

அந்தக் கடைசிப் பொம்மை வந்து சில நாட்களிலேயே நீ போய்விட்டாய். நெஞ்சு வலி என்று ஒரு சாயங்காலம் படுத்தவள், அவ்வளவுதான். பொம்மை மட்டும் முகம் எழுதப்படாமல் உன் மேசையில் இருந்தது.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து உன் வீட்டுக்காரர் வந்தார். ஹெப்பகோடி ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்து, அதே நீலச் சட்டையோடு, மடியில் ஒரு துணிப்பையை அணைத்துக்கொண்டு என் ஹாலில் உட்கார்ந்தார். பொம்மைகள் இருக்கிற ரூமில் படுக்கவே மாட்டேன், முழித்துப் பார்க்கிறது என்று சொன்ன மனிதர். பையிலிருந்து பொம்மையையும் உங்கள் கல்யாண போட்டோவையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"சிஸ்டர், எனக்கு இதப்பத்தி ஒண்ணும் தெரியாது. அவ மூஞ்சிய இதுல போட்டுக் குடுத்துருங்க. வேற எதுவும் வேணாம்."

"அண்ணா, அவளுக்கு அது பிடிக்காதுண்ணா."

"தெரியும். ஆனா அவ இல்லியே இப்ப. நான்தான இருக்கேன்."

இதற்கு நீ என்ன பதில் சொல்லியிருப்பாய்? நான் சரி என்றேன்.

போட்டோவைப் பார்த்து வரைந்தேன். வரவில்லை. அந்தப் போட்டோவில் உனக்கும் எவளோ மாவு அப்பியிருந்தாள், உன் இடது புருவத்தின் நடுவில் இருக்கிற தழும்பைக்கூட நிரப்பிவிட்டிருந்தாள். போட்டோவை நகர்த்திவிட்டு, என் நினைவிலிருந்து அந்தப் புருவத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டேன். சட்டென்று நீ வந்துவிட்டாய். என் மேசை மேல் நீ உட்கார்ந்திருந்தாய், என்னைப் பார்த்துக்கொண்டு, பேசாமல். நான் அழுதேன், சந்தோஷத்தால் இல்லை.

இதை அவரிடம் கொடுத்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் போட்டோவுக்குப் பக்கத்தில், சீரியல் பல்புக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டியில் வைப்பார். தினமும் மெழுகுவத்தி ஏற்றுவார். ஒரு தடவைகூடத் தொட மாட்டார். கையைத் திருப்பக் கூடாது, தலையைச் சாய்க்கக் கூடாது, முகத்தை அழிக்கவே கூடாது. இத்தனை மூட்டு எதற்கு அப்புறம்? நீ பேசாமல் போனது ஒரு தடவை போதும். பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டேன். புருவத்தைத் துடைக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவரை வரவழைத்து நேராகவே சொன்னேன். "போட்டேன் அண்ணா. அவளேதான் வந்தா. துடைச்சுட்டேன்."

அவர் டீயைக் கீழே வைத்தார். "ஒரு தடவ எனக்குக் காட்டிட்டுத் துடைச்சிருக்கக் கூடாதா?"

"காட்டியிருந்தா நீங்க துடைக்க விட்டிருக்க மாட்டீங்க."

எழுந்து போய்விட்டார். பிறகு நான் ஃபோன் செய்தால் எடுக்கவில்லை. நான் செய்தது சரி, இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். அவர் கேட்டதிலும் தப்பில்லை. உன்னிடம் சண்டை போட முடிந்திருந்தால் போட்டிருப்பேன், இப்படி ஒரு ஆளை என் தலையில் கட்டிவிட்டுப் போனதற்கு.

போன ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து நனைந்துகொண்டே வந்தார். உட்காரவில்லை. "பொம்மையத் திருப்பிக் குடுத்துருங்க சிஸ்டர். மூஞ்சி இல்லாமயே இருக்கட்டும்" என்றார். நான் தலையை மட்டும் கழற்றி அவர் கையில் வைத்தேன். முதல் தடவையாக அதைப் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலால் நெற்றியைத் தடவினார். உன் புருவத்தைத் தேடினார் என்று நினைக்கிறேன்.

"அவ சாயல் என்னால போட முடியாதுண்ணா. ஆனா உங்க வீட்ல இருக்கப்போற மூஞ்சி. உங்களுக்கு எப்படி வேணும், சொல்லுங்க. சிரிக்கிற மாதிரியா? தூங்கற மாதிரியா?"

கையிலிருந்த தலையை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் கோவமா இருக்கட்டும்."

"கோவமாவா?"

"எல்லாரும் எங்கிட்ட மெதுவா பேசறாங்க சிஸ்டர். ஷிஃப்ட்ல, சர்ச்சுல, பக்கத்து வீட்ல. சூப்பர்வைசர்கூடத் திட்ட மாட்டேங்கறான். உப்பு இல்லாம சமைச்சு நானே தின்னுட்டுப் போறேன், ஏன்னு கேக்க ஆள் இல்ல. வீட்ல ஒருத்தராவது என்னை முறைக்கட்டும்."

உன் பிரஷ்ஷை எடுத்தேன். அவர் போகவில்லை, பக்கத்திலேயே இருந்தார். புருவத்தை லேசாக நெருக்கினேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். உதட்டை இறுக்கினேன். "அவ்ளோ வேணாம், பாவம்" என்றார். சந்தேகமே இல்லாமல் அது உன் முகம் இல்லை. மூக்கு வேறு, தாடை வேறு, புருவம் முழுசு. யாரோ ஒருத்தி, அவரிடம் என்னவோ கேட்க வந்து காத்திருக்கிறாள். அதன் மேல் கடைசிப் பூச்சு அடிக்கத்தான் இத்தனை நாள் வெயிலுக்குக் காத்திருந்தேன்.

மத்தியானம் கண் வைத்து, முடி மாட்டி, தலையை எலாஸ்டிக்கில் கோத்தேன். சாயங்காலம் அவர் வந்தார். "பிடிங்க, உடையாது" என்று கொடுத்தேன். "கனமா இருக்காளே!" என்றார், எல்லோரும் கையில் எடுத்ததும் சொல்வது. ஜன்னலோரச் சோபாவில் உட்காரவைத்தார். சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது. ஒரு காலை மடக்கினார். ஒரு கையை எடுத்து இன்னொரு முழங்கைக்குக் கீழே வைத்தார். அப்புறம் தாடையைப் பிடித்து, மெதுவாக, எங்கள் இருவருக்கும் முகம் காட்டாமல் ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"இப்படித்தான்" என்றார். "கோவம் வந்தா இப்படித்தான் உக்காருவா. காபி ஆறிப்போனாலும் திரும்ப மாட்டா."

நான் உன்னைப் பார்த்தேன். பார்லரில் வாடிக்கையாளர் பேரம் பேசிவிட்டுப் போனதும் நீ உட்காரும் அதே தோரணை. நான் அழித்த இடத்தில் நீ இல்லை, அவர் கை வைத்த இடத்தில் இருந்தாய். உனக்குக் கொடுக்காத வாக்கைக் காப்பாற்றினேன், நீ அதைச் சட்டைகூடச் செய்யாமல் உன் இஷ்டத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சொல்லிவிடுகிறேன். உன் பிரஷ்கள் என்னிடமே இருக்கும், கேட்டாலும் தரமாட்டேன். யார் வந்து யார் சாயலில் கேட்டாலும் மாட்டேன் என்று உன்னைப் போல் ஒரே வார்த்தையில் சொல்ல இப்போது எனக்கும் வருகிறது. சொல்லிவிட்டு, வேறு எப்படி வேணும் என்று கேட்பது மட்டும் என்னுடையது.

"இத மாத்தலாமா சிஸ்டர்? இப்படியேதான் இருக்கணுமா?"

"எப்ப வேணா மாத்தலாம்ணா."

"ரெண்டு நாள் கோவமாவே இருக்கட்டும்" என்றார், அவளைத் துணியில் சுற்றிக்கொண்டே. "அப்புறம் நானே சமாதானம் பண்ணித் திருப்பிக்கறேன்."

அந்த இரண்டு நாளும் நான் அவருக்கு ஃபோன் செய்யப்போவதில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டையில் எனக்கென்ன வேலை.