ஓடைத் தண்ணீரில் கரையாத உரம்

என் ஆசை மச்சான் முனியாண்டிக்கு,

இது என் கையெழுத்துதான். நம்ப மாட்டாய். எழுபத்து நாலு வயதில் தானா ராத்தா டவுனுக்கு மாலை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து போய்த் தகர டப்பாக்களைப் பார்க்கிறேன், மறுபடி வந்து உட்காருகிறேன். இருப்புக் கொள்ளவில்லை மச்சான்.

என்ன டப்பா என்று கேட்பாய். நான் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தபோது தேயிலைக்கு உரத்தண்ணீர் கலக்கும் வேலை உனக்கு. ஒரு நாள் காலையில் உரம் தொட்டியடியில் வெள்ளையாகப் படிந்து, தெளிக்கும் குழாயெல்லாம் அடைத்துக்கொண்டது. ஆள் பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லார் முன்னாலும் கத்தினேன்: "கலக்காம தூங்கிட்டியாடா?"

"ஓடத் தண்ணி ஐஸா இருக்கு மச்சான், கரைய மாட்டேங்குதுலா" என்றாய்.

முதலில் சிரித்தவன் நான். உன்னைப் புல்வெட்டுக்கு மாற்றினேன். 'தூங்கி முனியாண்டி' என்ற பேர் சாகும்வரை உன்னை விடவில்லை.

போன வாரம் டீச்சர், "ஆளுக்கு ஒரு கேள்வி. நீங்களே சோதிச்சுப் பாத்து எழுதிட்டு வாங்க" என்றார். எனக்கு வேறு கேள்வியே தோன்றவில்லை.

திரிங்காப் கடையிலிருந்து அதே உரம் வாங்கினேன். மூன்று டப்பாவிலும் ஒரே அளவு ஓடைத் தண்ணீர், ஒரே அளவு உரம். ஒன்று விடியற்காலைக் குளிரோடு, ஒன்று வெயிலில் வைத்தது, ஒன்று அடுப்பில் சுடவைத்தது. குளிர்ந்ததில் வெள்ளை அப்படியே கிடந்தது. டீச்சரிடம் ஓடினேன்.

"ஒவ்வொண்ணையும் எத்தன சுத்து கலக்குனீங்க ஐயா?"

நினைத்துப் பார்த்தேன். குளிர்ந்ததை மட்டும் கை வலிக்க வலிக்கக் கலக்கியிருக்கிறேன். எப்படியாவது அது கரைந்து, நீ தூங்கினவனாகவே இருக்க வேண்டுமென்று என் கைக்கு இன்னும் ஆசையா மச்சான்?

"அப்ப இது செல்லாது. மூணையும் ஒரே மாதிரி கலக்குங்க" என்றார் டீச்சர்.

இன்று ஐம்பது ஐம்பது சுற்று, வாய்விட்டு எண்ணினேன். சுடுதண்ணீரில் உரம் மறைந்தது. வெயில் தண்ணீரில் கொஞ்சம் மிச்சம். குளிர்ந்ததில் அதே வெள்ளை. உன் தங்கச்சி எட்டிப் பார்த்தாள்.

"எங்கண்ணன் வாயால சொன்னப்ப கேக்கல. இப்ப டப்பாகிட்ட கேக்குறீங்களாக்கும்!"

அன்று ஏன் என்னோடு சண்டை போடவில்லை நீ? தங்கை வீட்டுக்காரன் என்றா?

சிரித்தவர்களில் நாலு பேர் இன்னும் தோட்டத்து லய வீடுகளில் இருக்கிறார்கள். நாளைக் காலை பெரட்டுக்களத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நான் கத்திய இடத்திலேயே டப்பாக்களை வைத்து, அவர்கள் எண்ண எண்ணக் கலக்குவேன். பிறகு இந்தக் கடிதத்தை, திக்கினாலும், நானே வாசிப்பேன். நீ சொன்ன வரியை இரண்டு தரம் வாசிப்பேன்.

உன் தங்கையைக் கட்டியவன்,
தன் பேரைத் தானே எழுதும் மச்சான்
சின்னப்பன்