என் கோப்பில் உன் கண்

அன்புத் தங்கைக்கு,

உன்னைவிடச் சில நிமிடம் மூத்தவள் என்ற அதிகாரத்தோடு அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் நலம்தானே? நான் நலம் என்று சொன்னால் போதாது. நேற்றிலிருந்து மறுபடியும் பஸ் ஓட்டுகிறேன்!

போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் உன்னிடம் மறைத்தேன். என் கண் அழுத்த நோய்க்கு வழக்கம்போலப் படம் எடுத்த டாக்டர், அதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுவிட்டு, பார்வை நரம்பு ரொம்பவே மெலிந்துவிட்டது, இனி வண்டி ஓட்டாதீர்கள் என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு வேளை சொட்டு மருந்துகூடத் தவறவிட்டதில்லையே! பஸ்ஸை விட்டால் எனக்கு வேறென்னடி தெரியும்?

அழுது தீர்த்த பிறகு கோபம் வந்தது. நேராகப் போய், இரண்டு படத்தையும் காட்டுங்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். திரையில் பார்வை நரம்பு வெளிர்மஞ்சள் வட்டமாகத் தெரிந்தது, அதிலிருந்து கிளைபிரியும் ரத்தக்குழாய்கள். வளைவும் சந்திப்பும் பார்த்தே பிழைப்பவள் இல்லையா நான்? புதுப் படத்தில் மேலே போகும் குழாய் உடனே இரண்டாகப் பிரிகிறது. பழையதில் வெகுதூரம் போய்த்தான் பிரிகிறது. "நரம்பு மெலியலாம் டாக்டர், ரோடே மாறிடுமா?" என்று கேட்டேன்.

முதலில் சிரித்தார். பிறகு மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். இந்த அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு, இரட்டையருக்குக்கூட ஒன்றுபோல இருக்காது என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய படம் எடுத்த அன்று துணைக்கு வந்த நீ, "சும்மா எனக்கும் ஒண்ணு எடுங்க" என்று மெஷினில் முகத்தை வைத்தாயே! உனக்குக் கல்யாணம் ஆகாத சமயம், ஒரே முகவரி, ஒரே பிறந்த தேதி, ஒரே மூஞ்சி. உன் படம் என் கோப்பில் ஏறிவிட்டது.

என்னுடைய பழைய படத்தைத் தேடி எடுத்து வைத்தார்கள். மயிரிழைகூட மாறவில்லை! மருந்து நோயைக் கட்டிப்போட்டிருக்கிறது. டாக்டர் மன்னிப்புக் கேட்டார், தாராளமாகக் கொடுத்தேன். டிப்போ வாசலைத் தாண்டும்போது காரணமே இல்லாமல் ஹாரனை அழுத்திப் பிடித்தேன். கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டு, "வந்துட்டாங்கப்பா" என்றார்.

இப்போது உன் விஷயம். கூடப்பிறந்தவர்களுக்கும் இந்த நோய் வர வாய்ப்பு அதிகமாம். வலிக்காதாம், வந்ததே தெரியாதாம். நேரமில்லை என்ற பழைய பாட்டைப் பாடாதே. உன் நரம்பு அன்று நன்றாக இருந்ததற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. உடனே இன்னொரு படம் எடுத்து அனுப்பு. இரண்டையும் அருகருகே வைத்து, ஒன்றும் மாறவில்லை என்று நானே பார்க்க வேண்டும்.

அதுவரை உன்னைத் தூங்கவிடாத,
அக்கா