சொல்லிக்கொள்ளாமல் எழுந்துபோன படம்

இன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் கம்பளி மழையில் ஊறி நாறியது. ஈரக் கம்பளி வாடை எனக்கு ஹட்டன் தியேட்டர் வாடை. மூக்கைத் திருப்பி ஜன்னல் வழியே பார்த்தேன். தியேட்டர் சுவரில் உன் டைரக்டரின் புதுப் படத்துக்குப் போஸ்டர் ஒட்டியிருந்தது. ஒரு முகம், வழக்கம்போலச் சிரிக்கவில்லை.

'உன் டைரக்டர்' என்றுதான் தோட்டத்தில் எல்லோரும் சொல்வோம். டயகம தேயிலைத் தோட்டத்தில் ஒரு மருந்துக்காரர் தனக்குச் சொந்தம் என்று அந்த வடநாட்டு மனிதருக்குத் தெரியாது. அவர் படத்தில் பாட்டு இல்லை, சண்டை இல்லை. மழை உண்டு, பசி உண்டு, முடிவில் ஒரு சாவு உண்டு. எல்லா நோய்க்கும் ஒரே சிவப்பு மருந்தை ஊற்றிக் கொடுத்த நீ, கொழும்பில் அவர் படமொன்றைப் பார்த்துவந்த பிறகு அதையும் எல்லோருக்கும் சிபாரிசு செய்தாய்.

அந்தப் படம் ஒரு ஞாயிறு காலை ஹட்டனுக்கு வருவதாயிற்று. மலிவு டிக்கட் கலரி நிரம்பாவிட்டால் படப்பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்புவேன் என்றார் தியேட்டர்காரர். நீ சோறு இறங்காமல் அலைந்தாய். பெருமாளின் சலூனில் வழக்கு விசாரணைக்கு வந்தது.

"அழுவுறதுக்கு டிக்கட்டாங்க?" என்றார் பெருமாள், ஒருவர் கன்னத்தில் சோப்பு பூசிக்கொண்டே. "காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்குப் போனா கங்காணி சும்மாவே அழ வைக்கிறாரே."

சோப்புக்குள்ளிருந்து குரல் வந்தது: "லயத்துக் கூரையில ஒழுவுற மழையை அங்க போயி வேற பாக்கணுமா?"

நான் பள்ளிக்கூட வாத்தியார், நாலு புத்தகம் படித்தவன். ஆகையால் இரண்டு பக்கமும் பேசினேன்.

நீ மெதுவாகச் சொன்னாய்: "எழவு வீட்டுக்குப் பாட்டு இருக்கான்னு கேட்டுக்கிட்டா போறீங்க? தப்பு மேளச் சத்தம் கேட்டா போறீங்கள்ல. இந்தப் படத்துலயும் ஒருத்தன் சாகுறான். அவனுக்கு ஆளே இல்ல. நாம போவோம்."

பெருமாள் கத்தியைத் துடைத்தார். "இப்படிச் சொன்னா எப்படிங்க போகாம இருக்கிறது?"

போனார்கள். பெண்கள் தலையில் பூ வைக்கவில்லை. ஆண்கள் ஈரக் கம்பளியோடு உட்கார்ந்து, தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். யாரோ வெற்றிலைத் தட்டுகூடக் கொண்டுவந்திருந்தார். கலரி நிரம்பியது, பெட்டி திறந்தது. படம் முடிந்ததும் அத்தனை பேரும் எழுந்து, உன்னைத் தாண்டி, ஒரு வார்த்தை பேசாமல் மழைக்குள் இறங்கிப் போனார்கள்.

"படம் புடிக்கலையா?" என்று பதறினார் தியேட்டர்காரர்.

நம் ஆட்கள் இழவு வீட்டில் 'போயிட்டு வாறேன்' என்று சொல்வதில்லை. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். அது அவருக்குத் தெரியாது. நீ என் தோளை உலுக்கினாய். "பாத்தியா மச்சான், ஒருத்தரும் சொல்லிக்கிட்டுப் போகல! இதுக்கு மேல ஒரு டைரக்டருக்கு என்னடா மரியாதை வேணும்?"

போன மழைக்காலத்தில் தப்புச் சத்தம் உனக்காகக் கேட்டது. சொந்தமென்று உனக்கும் ஆளில்லை. அன்று கலரியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் உன் வாசலில் உட்கார்ந்தார்கள். நான் எழுந்தபோது, எத்தனையோ வருஷம் அதே வாசலில் பழகிப்போன நாக்கு தானாகச் சொல்லிவிட்டது: "போயிட்டு வாறேன், மச்சான்."

பெருமாள் என் கையைப் பிடித்து இழுத்தார். "வாத்தியாரே, என்ன பேச்சுப் பேசிட்டீங்க!"

மூடநம்பிக்கைகளைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்துகிறவன் நான். இருந்தும் அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கத் தோன்றவில்லை. இன்னும் அது உன்னிடம்தான் இருக்கிறது.

போஸ்டரைப் பற்றிப் பெருமாளிடம் சொன்னேன். "நீங்க போங்க. மருந்துக்காரரு இல்லாம எனக்குத் தாங்காது," என்றார். ஞாயிற்றுக்கிழமை தனியாகத்தான் போகிறேன். பக்கத்து இருக்கையில் குடையை வைப்பேன். முடிந்ததும், முறைப்படி, ஒன்றும் சொல்லாமல் எழுந்து வர வேண்டும். சொல்லிக்கொள்ள ஆள் இல்லாததால் இந்தத் தடவை தவறு நேராது.