லாம்பராவின் பின்பக்கம்

தாலிசாய், சமார் தீவு, பிலிப்பைன்ஸ்
22 ஆகஸ்ட் 1993

அன்புள்ள பெர்லா அக்காவுக்கு,

தங்கை நெனிதா எழுதுவது. நீ அனுப்பிய புகைப்படம் கிடைத்தது. குவைத் போய் மெலிந்துவிட்டாய். முதலாளியம்மா வயிறாரச் சாப்பிட விடுகிறாளா?

நீ கேட்டவற்றுக்கு முதலில் பதில் எழுதிவிடுகிறேன். அப்பாவின் வலது கண்ணும் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். கால் புண் இன்னும் ஆறவில்லை. வாய் மட்டும் பழையபடிதான் இருக்கிறது. நேற்று தசியா அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்ன பெரியவரே, இன்னும் போய்ச் சேரலையா?" என்று கேட்டாள். "உன் சவப்பெட்டிக்கு ஆணி அடிச்சிட்டுத்தான் போவேன், நீ கவலைப்படாதே" என்று இவர் கத்தினார். அவள் சிரித்துக்கொண்டே ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை வாசிப்பும் நிற்கவில்லை. மதியம் பஸ்காரர் 'லாம்பரா' வாரப் பேப்பரைச் சுருட்டி நம் வாசலில் எறிவார். அது விழும் சத்தம் கேட்டதும் அப்பா சட்டை மாட்டிக்கொள்வார். ஏன் என்று கேட்டேன். ஊர் விஷயம் கேட்க வெற்றுடம்போடு உட்காரலாமா என்கிறார். பள்ளியில் வாத்தியார் எழுந்து வாசிக்கச் சொன்னால் நான் பாதி வரியிலேயே உட்கார்ந்துவிடுவேன், உனக்குத் தெரியும். அப்பாவிடம் அப்படி இல்லை. அவருக்கு என் முகம் தெரியாததாலோ என்னவோ, நன்றாகவே வாசிக்கிறேன். மேயர் திறந்த பாலம், கொப்பரை விலை, சேவல் சண்டையில் யார் ஜெயித்தது என்று ஒவ்வொன்றுக்கும் அவர் பதிலுக்குத் திட்டுவார்.

கடைசி இரண்டு பக்கங்களை மட்டும் வாசிப்பதில்லை. அவை முழுக்க ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் வரும் சட்ட அறிவிப்புகள். எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்குத் தெரியும், பொருள்தான் தெரியாது. ஒருமுறை முயன்றேன். "விடு, அது வக்கீலுங்க மேயுற புல்லு" என்றார் அப்பா. அந்தத் தாள்களைத் தனியாக எடுத்து வைத்துச் சந்தையில் கருவாடு மடித்துக் கொடுக்கிறேன்.

இன்னொரு விஷயம். புதன்கிழமை நாலு பேர் வந்து தென்னந்தோப்பை அளந்தார்கள். சிவப்புச் சாயம் பூசிய முளைகளை அடித்துக்கொண்டே வந்து, நம் அடுக்களை வாசலிலும் ஒன்றை அடித்துவிட்டுப் போனார்கள். இங்கே இறால் குட்டை வரப்போகிறதாம். கிரிசாந்தோ பெரியப்பா மொத்தத்தையும் விற்றுவிட்டாராம். அப்பா நம்பவில்லை. "தாத்தா நிலம். அவனுக்குப் பாதி, எனக்குப் பாதி. என்னைக் கேக்காம எப்படி விப்பான்? அப்படி ஒண்ணு நடந்திருந்தா லாம்பராவுல வந்திருக்காதா?" என்றார். நீதானே வாசிக்கிறாய், வந்ததா என்று என்னைக் கேட்டார். வரவில்லை என்றேன். முளையைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டேன்.

பெரியப்பா ஈஸ்டருக்குப் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை.

நீ பயப்படாதே. குளிர்சாதன அறையில் ஈரத் தலையோடு தூங்காதே.

உன் தங்கை
நெனிதா


தாலிசாய்
3 அக்டோபர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தனியாக இருக்கும்போது படி. வேலைக்கு நடுவில் படிக்காதே.

இறால் குட்டைக்காரரின் ஆள் போன மாதம் சந்தைக்கு வந்தான். எல்லார் முன்னாலும், "அக்டோபர் முப்பத்தொண்ணுக்குள்ள வீட்டைக் காலி பண்ணுங்க. மூணு வாரம் பேப்பர்ல போட்டாச்சு, அப்பல்லாம் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு இப்ப முளையைப் பிடுங்குறீங்களா?" என்றான். எந்தப் பேப்பரில் என்று கேட்டேன். "உங்க ஊருக்கு எத்தனை பேப்பர் இருக்கு?" என்று சிரித்தான்.

வீட்டில் பழைய பின்பக்கம் எதுவும் இல்லை. முன்பக்கங்களை அப்பா பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார். பின்பக்கங்களை நான்தான் கருவாட்டோடு ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டேனே.

மறுநாள் பஸ் ஏறி லாம்பரா அலுவலகத்துக்குப் போனேன். உள்ளே போகத் துணிவில்லாமல் எதிரில் இருந்த மருந்துக்கடை நிழலில் மதியம் வரை நின்றேன். கடைசியில் லாம்பராவை நடத்தும் அம்மாள், திருமதி வில்யேகாஸ், வெளியே வந்து, "யாரும்மா நீ? காலையிலேர்ந்து கதவைக் காவல் காக்குறியே?" என்றார். தாத்தாவின் பெயரைச் சொன்னேன். அவர் ஜூலை மாதப் பேப்பர் கட்டை எடுத்து வந்து, மூன்று தாள்களிலும் விரல் வைத்துக் காட்டினார். அதை நம் மொழியில் சொல்லச் சொன்னேன்.

அக்கா, அதில் இருந்தது இதுதான். காலமான தாத்தாவுக்குக் கிரிசாந்தோ ஒருவரே வாரிசு. வேறு பிள்ளைகள் யாரும் உயிரோடு இல்லை. ஆகவே நிலம் முழுவதும் அவருக்கே சேரும். ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம்.

அப்பா உயிரோடுதான் இருக்கிறார் என்று சொன்னேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. "எழுதிக் குடுக்கிறாங்க, நாங்க போடுறோம். யாரு செத்தது, யாரு இருக்கிறதுன்னு ஊர் ஊராப் போயி எண்ணிப் பார்க்க முடியுமா? இந்தப் பின்பக்கம் இல்லேன்னா எங்களுக்கு முன்பக்கமே கிடையாதும்மா. மூணு வாரம் எதுக்குப் போடுறோம்? வாசிக்கிறவங்க வாசிக்கணும்னுதானே?" என்றார்.

நம் வீட்டில் வாசிக்கிறவள் நான்தான் என்று அவரிடம் சொல்ல முடியவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

அங்கிருந்து ஏழைகளுக்கு வழக்காடும் அரசாங்க வக்கீலிடம் போனேன். இளவயதுப் பெண், பொறுமையாகக் கேட்டார். வழி இருக்கிறது என்றார். நம் பாதிரியார் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தில் அப்பாவின் பெயரைத் தேடி நகல் எடுத்துக் கொடுத்துவிட்டார். தாத்தா பெயரும் அதில் இருக்கிறது. அப்பா நேரில் வந்து, நான் இன்னாருடைய மகன், உயிரோடு இருக்கிறேன் என்று சத்தியம் செய்து கைநாட்டு வைத்தால் போதும். வீட்டை இடிக்காமல் தடுக்க அன்றைக்கே மனு போடுவாராம், பேப்பரிலும் மறுப்புப் போடுவாராம். நான் வந்து சொன்னால் போதாதா என்று கேட்டேன். "உயிரோட இருக்கிறவர்தான்மா வந்து சொல்லணும்" என்றார்.

அதனால் அப்பாவிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த அம்மாள் கொடுத்த மூன்று தாள்களையும் அவர் மடியில் வைத்தேன். வாசி என்றார். ஆங்கிலத்தில் வாசித்து, பிறகு பொருள் சொன்னேன். மூன்றிலும் ஒரே விஷயம்தான் என்றாலும் மூன்றையும் வாசிக்கச் சொன்னார்.

பிறகு கேட்டார், "அந்த மூணு வாரமும் நான் இங்கதானே உக்காந்திருந்தேன்?"

ஆமாம் என்றேன்.

"சட்டை போட்டுக்கிட்டு?"

ஆமாம் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை அக்கா. திட்டியிருக்கலாம்.

நான் பிறந்த வருடம் வந்த புயலைப் பற்றி அன்றுதான் எனக்குச் சொன்னார். படகு கவிழ்ந்து அவர் செத்துவிட்டார் என்று இங்கே ஒன்பது நாள் ஜெபம் நடந்துகொண்டிருந்ததாம். ஆறாம் நாளே அவர் வீடு வந்து சேர்ந்துவிட்டாராம். வந்த பிறகும் கிழவிகள் இது ஆவியோ என்று ஜெபத்தை நிறுத்தவில்லையாம். சனிக்கிழமை லாம்பராவில் பிழைத்தவர்கள் பட்டியல் வந்து, அதில் பெயரைப் பார்த்த பிறகுதான் அம்மா அவருக்குச் சோறு போட்டாளாம். உனக்கு அது நினைவிருக்கும். நீ அவர் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாயாமே. "அன்னைக்குப் பேப்பர்தான் என்னை இருக்கேன்னு சொல்லுச்சு. இப்ப இல்லேன்னு சொல்லுது. அதுவும் எங்கண்ணன் வாயால. நான் போயி யார்கிட்ட சண்டை போடுறது?" என்றார்.

வக்கீலிடம் போகலாம் என்று தினமும் கெஞ்சுகிறேன். வர மறுக்கிறார். பாதிரியார் வந்து பேசினார். தசியா அத்தை வந்து, "எழுந்திரு கிழவா, எனக்கு ஆணி அடிக்க யார் இருக்கா?" என்று வம்புக்கு இழுத்தாள். அவளுக்கும் பதில் சொல்லவில்லை. அவள் வெளியே போய் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா கஞ்சியை இரண்டு வாய்க்கு மேல் வாங்குவதில்லை. கால் புண் நாற ஆரம்பித்துவிட்டது. லாம்பரா வந்தால் வாசலிலேயே கிடக்கிறது. நேற்று, "நவம்பர் ஒண்ணாம் தேதி, செத்தவங்க நாளன்னைக்கு, கல்லறைக்குப் போகும்போது உங்கம்மா பக்கத்துல எனக்கும் சேர்த்து ஒரு மெழுகுவத்தி ஏத்திடு" என்றார். விளையாட்டாகத்தான் சொல்கிறார் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை.

உன் பாஸ்போர்ட்டை முதலாளியம்மா பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதனால் வா என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் செய். இந்தக் கடிதம் உனக்கு இரண்டு வாரத்தில் கிடைத்துவிடும் என்று தபால்காரர் சொன்னார். இருபத்து நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை, இங்கே காலைப் பூசை முடியும் நேரத்துக்குப் பாதிரியார் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிடு. எண்ணைத் தனித் துண்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். தசியா அத்தையின் மகன்கள் அப்பாவை நாற்காலியோடு தூக்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் சம்மதித்தால் மறுநாளே அதே நாற்காலியில் வக்கீலிடம் கொண்டு போய்விடுவேன். அதன் பிறகு ஆறு நாள்தான் இருக்கிறது.

முதலாளியம்மா திட்டினாலும் பரவாயில்லை, கூப்பிடு. நிலத்தைப் பற்றியோ பெரியப்பாவைப் பற்றியோ நீ எதுவும் பேச வேண்டாம். அப்பா என்று கூப்பிடு, அது போதும். நான் கூப்பிட்டால் இப்போதெல்லாம் அவர், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல் பேசாமல் இருக்கிறார்.

மாதா உன்னைக் காக்கட்டும்.

உன்
நெனிதா